அம்மா மெலிந்துகொண்டே போகிறார்: மிச்சப் பல்லையும் பிடுங்கிவிடலாமா?

திருச்சியில் வேலை பார்க்கும் வாசகி ஒருவர் எழுதிய நீண்ட கடிதம் இது. பெயரையும் ஊரையும் எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய அம்மாவுக்கு 72 வயது. புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் மகன் வீட்டில் இருக்கிறார். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பல வருடமாக உண்டு, சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுகிறார். இதயத்தில் ஸ்டென்ட் வைத்த பிறகு தினமும் ஆஸ்பிரின். உடம்பு அரிப்புக்கு எப்போதோ யாரோ எழுதிக் கொடுத்த செட்ரிசினை இன்னும் ராத்திரியானால் போட்டுக்கொள்கிறார். மேலே பல்லே இல்லை. நான்கு வருடத்துக்கு முன் கட்டிய மேல் செட், சாப்பிடும்போது கழன்று விழுகிறது என்று பீரோவுக்குள் போய்விட்டது. கீழே முன்பற்கள் ஆறு மட்டும் மிச்சம். அதில் இரண்டு ஆடுகின்றன. எட்டு மாதத்தில் எடை 52 கிலோவிலிருந்து 45 கிலோவுக்கு இறங்கிவிட்டது.

அவர் சாப்பிடுவது இவ்வளவுதான்: காலையில் டீயில் நனைத்த நான்கு மேரி பிஸ்கட், அப்புறம் சர்க்கரை தொட்டு இரண்டு இட்லி (சட்னி எரிகிறதாம்), மதியம் குழைந்த ரசம் சோறு, சாயங்காலம் ஒரு டீ, இரவு மோர் சோறு. இடையிடையே வெற்றிலை பாக்கு. கடிக்க முடியாததால் சின்ன இரும்பு உரலில் இடித்து வாயில் போட்டுக்கொள்கிறார். "புகையிலை கிடையாது" என்று வாசகி அடிக்கோடிட்டு எழுதியிருக்கிறார்.

ஒரு பல் மருத்துவர் ஆறு பல்லையும் பிடுங்கி முழு செட் கட்டச் சொல்கிறார். இன்னொருவர் இரண்டு தாடையிலும் இம்ப்ளான்ட் (தாடை எலும்பில் திருகு பதித்து அதன்மேல் பல் கட்டுவது) வைக்கலாம், சில லட்சம் ஆகும் என்கிறார். அண்ணன், "இந்த வயசுல பல்லுக்குச் செலவு பண்ணி என்ன ஆகப்போகுது, வயசானா உடம்பு இளைக்கத்தான் செய்யும்" என்கிறார். அம்மாவோ, மேல் பல் பிடுங்கிய பிறகுதான் தனக்குக் கண் மங்கியது, இனி யாரும் வாயில் கை வைக்கக்கூடாது என்கிறார். வாசகி கேட்பது மூன்று: எல்லாவற்றையும் பிடுங்கிவிடலாமா? சர்க்கரை உள்ளவருக்கு இம்ப்ளான்ட் சரிப்படுமா? அதுவரை எந்தச் சத்து மாவு வாங்கித் தரலாம்?

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மூன்று கேள்விக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் நீங்கள் கேட்ட வரிசையில் இல்லை. நீங்கள் கேள்வியாகவே வைக்காத இரண்டு விஷயங்கள் கடிதத்தில் இருக்கின்றன. அவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஒன்று, எடை. 52 கிலோவில் 7 கிலோ என்பது 13 சதவீதத்துக்கும் மேல். தானாக முயற்சி செய்யாமல் ஆறு மாதம், ஒரு வருடத்துக்குள் 5 சதவீதம் குறைந்தாலே காரணம் தேட வேண்டும் என்பது மருத்துவர்கள் வைத்திருக்கும் கணக்கு. அண்ணன் சொல்வது போல வயது இதைச் செய்யாது. வயதானால் தசை மெதுவாகக் கரையும், உண்மைதான். எட்டு மாதத்தில் ரவிக்கை எல்லாம் தொளதொளவென்று ஆகுமளவுக்குக் கரையாது. பல் இல்லாமல் சாப்பாடு சுருங்கியது பெரிய காரணமாக இருக்கலாம். ஆனால் அது ஒன்றுதான் காரணம் என்று நீங்களும் நானும் முடிவு கட்டிவிடக் கூடாது. கட்டுக்குள் வராத சர்க்கரையே ஆளை உருக்கும். தைராய்டு, காசநோய், மனச்சோர்வு, வயிற்றுக் கோளாறு, புற்றுநோய் என்று பல கதவுகளைத் தட்டிப் பார்த்துத்தான் "பல்தான்" என்ற முடிவுக்கு வர முடியும். ஆகவே பல் மருத்துவருக்கு முன்னால் பொது மருத்துவர். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (எச்பிஏ1சி), ஹீமோகுளோபின், தைராய்டு, கிரியாட்டினின், வைட்டமின் பி12 ஆகிய ரத்தப் பரிசோதனைகளையும் நெஞ்சு எக்ஸ்ரேயையும் அவர் கேட்பார். கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள். பி12ஐக் குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு: மெட்ஃபார்மினை வருடக்கணக்கில் சாப்பிடுபவர்களுக்கு அது குறைவது சகஜம். குறைந்தால் நாக்கு சொரசொரப்புப் போய் வழவழவென்று சிவந்துவிடும், காரம் பட்டால் எரியும். சட்னியை அம்மா ஒதுக்குவதற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம்.

இன்னொரு காரணமும் இருக்கலாம். அதுதான் இரண்டாவது விஷயம். கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்: "இடது கன்னத்து உள்பக்கம் சுண்ணாம்பு பட்டு வெள்ளையாக இருக்கிறது, ரொம்ப நாளாக." சுண்ணாம்பு பட்ட புண் சில நாளில் ஆறிவிடும். இரண்டு வாரத்துக்கு மேல் நிற்கும் எந்த வெள்ளைத் திட்டையும், சிவப்புத் திட்டையும், ஆறாத புண்ணையும் மருத்துவர் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும். பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. இப்படி வரும் திட்டுகளில் பல புற்றுநோய் இல்லை. தேவைப்பட்டால் துளி சதை எடுத்துச் சோதிப்பார்கள், அவ்வளவுதான். ஆனால் பல் செட்டைப் பற்றிப் பேசிக்கொண்டு இதைத் தள்ளிப்போட வேண்டாம். இந்த வாரமே காட்டுங்கள்.

புகையிலை இல்லாவிட்டால் வெற்றிலை பாக்கு ஒன்றும் செய்யாது என்று ஊரில் எல்லோரும்தான் நினைக்கிறார்கள். அது தப்பு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, புகையிலை சேர்க்காத வெற்றிலைப் பாக்கையும், பாக்கைத் தனியாகவும், மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று 2004லேயே வகைப்படுத்திவிட்டது. பாக்கு வாயின் உள்தோலை நார் நாராக இறுக்கவும் செய்யும். அப்படி இறுகியவர்களுக்குக் காரம் துளி பட்டாலும் எரியும், வாய் முழுதாகத் திறக்காது. அம்மாவின் நடு மூன்று விரலைச் சேர்த்துச் செங்குத்தாக வாய்க்குள் வைக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். வாய் திறக்காதவருக்குச் செட் எடுத்து மாட்டுவதே பாடு. ஐம்பது வருடப் பழக்கத்தை ஒரே நாளில் விடச் சொன்னால் அம்மா உங்களை விட்டுவிடுவார், எனக்குத் தெரியும். பாக்கை முதலில் குறையுங்கள். வெற்றிலையோடு சோம்பும் துளி ஏலக்காயும் இடித்துக் கொடுத்துப் பாருங்கள். சிலர் அப்படியே பாக்கை மறந்திருக்கிறார்கள்.

அந்த உரலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பல் போனதும் அம்மா வெற்றிலையை விடவில்லை, இடித்துப் போட்டுக்கொண்டார். ஆனால் பருப்பு, கீரை, மீன், சுண்டல் இவற்றுக்கு அந்த ஏற்பாடு நடக்கவில்லை. அவை தட்டிலிருந்தே போய்விட்டன. உங்கள் வீட்டில் மட்டும் இல்லை, நான் பார்க்கும் பெரும்பாலான வீடுகளில் இதுதான் கதை. மெல்ல முடியவில்லை என்றதும் சாப்பாட்டை மெத்தென்று ஆக்குவதற்குப் பதில் தண்ணீராக்கிவிடுகிறோம்.

தட்டில் என்ன இருக்கிறது?

நீங்கள் எழுதிய ஒரு நாள் சாப்பாட்டை உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். இரண்டு டீயில் இருக்கும் பாலில் ஐந்து கிராம் புரதம். பிஸ்கட்டில் இரண்டு. இரண்டு இட்லியில் நான்கு. ரசம் சோற்றில் அரிசியிலிருந்து வருவது ஐந்தாறு. மோர் சோற்றில் ஆறு. எல்லாம் சேர்த்து 20லிருந்து 25 கிராம். ஆரோக்கியமான பெரியவர் ஒருவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் வேண்டும் என்பது ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கணக்கு. 45 கிலோவுக்கு அது 37 கிராம். வயதானவர்களுக்கு, அதிலும் தசை கரைந்துகொண்டிருப்பவர்களுக்கு, கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை வேண்டும் என்று முதியோர் ஊட்டச்சத்து வல்லுநர்கள் சொல்கிறார்கள். அப்படியானால் 45 முதல் 54 கிராம். அம்மா பாதியில் நிற்கிறார். மீதி வயிற்றை நிரப்புவதெல்லாம் மாவுச்சத்து. சர்க்கரை ஏறுவதும் ஆள் இளைப்பதும் ஒன்றாக நடப்பதில் ஆச்சரியம் இல்லை.

இந்தப் பாதியை நிரப்பப் பல் தேவையில்லை. இதைத்தான் நீங்கள் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டும். செட்டோ இம்ப்ளான்டோ கைக்கு வர வாரங்கள், மாதங்கள் ஆகும். சாப்பாட்டை மாற்ற அத்தனை நாள் காத்திருக்க வேண்டாம்.

ரசத்துக்கு வேகவைக்கும் பருப்பில் தெளிந்த தண்ணீர் ரசத்துக்குப் போகிறது, அடியில் கிடக்கும் பருப்பு மற்றவர்களின் சாம்பாருக்குப் போகிறது. அம்மாவுக்கு வேண்டியது அந்த அடிப் பருப்பு. ஒரு கைப்பிடி பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்துக் கடைந்து, நெய் விட்டுச் சோற்றில் பிசைந்தால் ஏழு கிராம் வந்துவிடும். ஒரு முட்டை ஆறு கிராம். பால் விட்டு அடித்துக் குறைந்த தீயில் கிளறினால் ஈறாலேயே மசிக்கலாம். டீ போக ஒரு டம்ளர் பால் ஆறு கிராம். பொட்டுக்கடலையைப் பொடித்து இரண்டு மேசைக்கரண்டி கஞ்சியில் கரைத்தால் நான்கு கிராம். இந்த நான்கும் சேர்ந்தால் 23 கிராம். பழைய சாப்பாட்டோடு கூட்டினால் 45ஐ எட்டிவிடுகிறோம். அசைவம் உண்டு என்று எழுதியிருப்பதால் வாரம் ஒரு நாள் சுறாப்புட்டு. உங்கள் மாவட்டத்துக்குக் கடற்கரை இருக்கிறது, பால்சுறா கிடைக்காமல் போகாது. முள் பயம் கிடையாது, உதிரியாக இருக்கும். மிளகாயைக் குறைத்து மிளகு போட்டால் வாயும் எரியாது. ஆனால் ஒரு நிபந்தனை: கிரியாட்டினின் பார்த்து, சிறுநீரகம் சரியாக இருக்கிறது என்று மருத்துவர் சொன்ன பிறகே புரதத்தை இந்த அளவுக்கு ஏற்ற வேண்டும்.

கீரையைக் கடைந்து கொடுங்கள், பொரியலாக வேண்டாம். கேழ்வரகுக் கூழில் மோர் விட்டுக் கொடுங்கள். 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு, அரிசியில் அது பேருக்குத்தான். பழுத்த பப்பாளியில் ஒரு கீற்று சாப்பிடலாம், சர்க்கரைக்காரர் என்று பழத்தையே தடை செய்ய வேண்டாம். தடை செய்ய வேண்டியது டீயில் நனைக்கும் பிஸ்கட்டும் இட்லிக்குத் தொடும் சர்க்கரையும்தான். நார்ச்சத்து இல்லாத சாப்பாட்டில் மலச்சிக்கல் வரும், மலச்சிக்கல் வந்தால் பசி போகும், அது தனிச் சுற்று.

இதையெல்லாம் செய்யப்போவது நீங்கள் இல்லை, உங்கள் அண்ணி. அவருக்குத் தனிச் சமையல் என்று ஒரு சுமை விழுந்தால் பத்து நாள்கூட ஓடாது. ஆகவே வீட்டுக் குழம்பிலிருந்தே, மிளகாயும் புளியும் சேர்ப்பதற்கு முன்னால் வெந்த பருப்பும் காயும் ஒரு கரண்டி எடுத்து வைத்து, மிக்ஸியின் சின்ன ஜாரில் ஒரு சுற்றுச் சுற்றினால் போதும் என்று சொல்லுங்கள். முடிந்தால் இந்த வார இறுதியில் போய் நீங்களே இரண்டு வேளை செய்து காட்டுங்கள். திருச்சியிலிருந்து போனில் சொல்வது வேறு.

சாப்பிடும்போதோ தண்ணீர் குடிக்கும்போதோ அம்மாவுக்கு அடிக்கடி புரை ஏறுகிறதா? கடிதத்தில் இல்லை, ஆனால் கவனியுங்கள். அது பல் பிரச்சினை இல்லை, விழுங்குவதில் கோளாறு. உணவு மூச்சுக்குழாய்க்குள் போய் நிமோனியா வரை கொண்டுவிடும். அப்படி இருந்தால் மேலே சொன்ன எதையும் தொடங்கும் முன் மருத்துவரிடம் கேளுங்கள்.

சத்து மாவுக் கேள்விக்கு இப்போது பதில் சுலபம். கடையில் விற்கும் டின்னைத் திருப்பி, சேர்மானப் பட்டியலைப் படியுங்கள். முதல் இரண்டு மூன்று பொருள்களுக்குள் சர்க்கரையோ, சர்க்கரை மாதிரியே ரத்தத்தில் ஏறும் மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுப்பொருளோ இருந்தால் அம்மாவுக்கு வேண்டாம். சர்க்கரை நோயாளிகளுக்கென்றே வருபவை உண்டு. மருத்துவர் எழுதிக் கொடுத்தால் இரண்டு வேளைச் சாப்பாட்டுக்கு நடுவில் கொடுங்கள். சாப்பாட்டுக்குப் பதிலாகக் கொடுத்தால், இருக்கிற பசியும் அதில் அடங்கிவிடும். எந்தப் பிராண்டு என்று நான் சொல்லப் போவதில்லை. ஒரு டின் விலைக்கு எத்தனை முட்டை வரும் என்று மட்டும் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

செட் ஏன் விழுகிறது?

பல் இல்லாத வாய்க்குச் செட் கட்டினால் பழைய பல் திரும்பி வந்துவிடும் என்று பலரும் எதிர்பார்க்கிறார்கள். முழு செட்டில் கடிக்கும் பலம், இயற்கைப் பல்லில் நாலில் ஒரு பங்குதான், பலருக்கு அதற்கும் குறைவு. மேல் செட் அண்ணத்தை மூடிக்கொள்வதால் சூடும் ருசியும் கொஞ்சம் மந்தமாகும். உப்பும் இனிப்பும் கூடுதலாகக் கேட்கும். அதோடு, செட் மட்டும் கட்டிக்கொண்டவர்களின் சாப்பாடு பெரிதாக மாறுவதில்லை, கூடவே என்ன சாப்பிட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தால்தான் மாறுகிறது என்பதை ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. ரசம் சோற்றுக்குப் பழகிய கை ரசம் சோற்றுக்கே போகும்.

அம்மாவின் மேல் செட் விழுவதற்கு மூன்று காரணம் எனக்குத் தோன்றுகிறது. பல் போன இடத்தில் எலும்பு வருடா வருடம் கரையும்; நான்கு வருடத்துக்கு முன் எடுத்த அளவு இன்று தொளதொளக்கும். அடுத்து, கீழே முன்பற்கள் மட்டும் இருப்பதால் அவர் முன்னாலேயே கடிக்கிறார். முன்னால் அழுத்தினால் மேல் செட்டின் பின்பக்கம் தூக்கிக்கொள்ளும். கீழ்த் தாடையில் பின்பற்களுக்கு ஏதாவது வைக்காமல் மேல் செட்டை எத்தனை முறை புதிதாகக் கட்டினாலும் இதேதான் நடக்கும். மூன்றாவது, எச்சில். மேல் செட் அண்ணத்தோடு ஒட்டி நிற்பதே நடுவில் இருக்கும் மெல்லிய எச்சில் படலத்தால்தான். தினமும் இரவில் போடும் அந்த அரிப்பு மாத்திரை வாயை உலர வைக்கும், ஏறிய சர்க்கரையும் உலர வைக்கும். அரிப்பு இன்னும் இருக்கிறதா, மாத்திரை தேவைதானா என்று மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். எச்சில் குறைந்த வாயில் செட் நிற்காது, சோறு தொண்டைக்குள் இறங்காது, மிச்சமிருக்கும் பல்லும் வேரோரத்தில் சொத்தையாகும்.

பீரோவில் இருக்கும் செட்டை எடுத்து இன்றே தண்ணீரில் போடுங்கள். காய்ந்தே கிடந்தால் அக்ரிலிக் கோணிவிடும். சுடுதண்ணீர் கூடாது. உள்பக்கத்தை மட்டும் புதுப்பித்துப் பொருத்தும் ரீலைன் என்ற வேலை உண்டு; கோணாமல் இருந்தால் அதிலேயே தேறலாம், புது செட்டுச் செலவு மிச்சம்.

பிடுங்கலாமா?

ஆடும் இரண்டைப் பிடுங்க வேண்டி வரலாம். உறுதியாக நிற்கும் நான்கை, "எப்படியும் போகத்தானே போகிறது" என்று பிடுங்குவதை நான் ஒப்பமாட்டேன். கீழ் முழு செட்தான் எங்கள் தொழிலிலேயே தலைவலி பிடித்த வேலை. மேலே அண்ணம் இருக்கிறது, ஒட்டிக்கொள்ளும். கீழே நாக்கு செட்டைத் தள்ளிக்கொண்டே இருக்கும், ஒட்டப் பரப்பும் கிடையாது, எலும்பும் மேல் தாடையைவிட வேகமாகக் கரையும். நான்கு பல் இருந்தால் அதில் கம்பி பிடித்துக் கழற்றி மாட்டும் பகுதி செட்டைப் பின்பக்கத்துக்கு வைக்கலாம். இதுதான் அம்மாவுக்கு இருப்பதிலேயே எளிதான, செலவு குறைந்த வழி. நான்கும் நிற்காது என்று எக்ஸ்ரேயில் தெரிந்தால்கூட, கோரைப்பல் இரண்டின் வேருக்குச் சிகிச்சை செய்து ஈறு மட்டத்துக்கு வெட்டி, அதன்மேல் செட்டை உட்கார வைக்கலாம். வேர் உள்ளே இருக்கும்வரை அந்த இடத்து எலும்பு தாக்குப்பிடிக்கும், செட்டும் ஆடாது. "இந்த வழி அம்மாவுக்கு ஒத்துவருமா?" என்று கேளுங்கள், கேட்காமல் பலர் சொல்வதில்லை, நேரம் பிடிக்கும் வேலை என்பதால்.

வயதானால் பல் போகும் என்பது விதி இல்லை. ஜப்பானில் 80 வயதில் 20 பல்லாவது இருக்க வேண்டும் என்று 1989ல் ஓர் இயக்கம் தொடங்கினார்கள். அப்போது அந்த வயதில் பத்தில் ஒருவருக்குக்கூட அத்தனை பல் இல்லை. 2016 கணக்கெடுப்பில் பாதிப் பேருக்கு மேல் இருந்தது. நடுவில் மாறியது வயது இல்லை, பராமரிப்பு.

அந்த ஆறு பல்லையும் ஈற்றையும் சுத்தம் செய்யச் சொல்வார்கள். சுத்தம் செய்தால் பல் ஆடும் என்று அம்மா சொல்லக்கூடும். பல்லை அதுவரை பிடித்து வைத்திருந்தது அதில் கெட்டியாகப் படிந்த காரைதான் என்று தோன்றுவதால் வரும் பயம் அது. உண்மையில் ஈற்றைக் கரைத்துப் பல்லை ஆட வைத்ததே அந்தக் காரை. எடுத்ததும் ஆட்டம் தெரிய வருகிறது. ஈறு நோய்க்குச் சரியான சிகிச்சை செய்தால், மூன்று நான்கு மாதத்தில் எச்பிஏ1சி சராசரியாக 0.4 புள்ளி அளவு குறைகிறது என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் தெரிந்திருக்கிறது. சர்க்கரை ஈற்றைக் கெடுக்கும், ஈறு சர்க்கரையைக் கெடுக்கும். ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்றுக்கும் நல்லது.

பிடுங்கும்போது கவனிக்க வேண்டியவை

ஆஸ்பிரினை ஒரு வாரம் நிறுத்திவிட்டு வரலாம் என்று பக்கத்து வீட்டில் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். ஸ்டென்ட் உள்ளவர் தானாக நிறுத்தினால் ஸ்டென்டுக்குள் ரத்தம் கட்டிவிடும் ஆபத்து இருக்கிறது. ஒன்றிரண்டு பல் எடுக்கும்போது வரும் ரத்தத்தைப் பஞ்சு வைத்து அழுத்தியும் தையல் போட்டும் நிறுத்திவிட முடியும். கூடவே ரத்தம் கட்டாமலிருக்கக் கொடுக்கும் குளோபிடோக்ரெல் மாதிரி இன்னொரு மாத்திரையும் இருந்தால் இதய மருத்துவரிடம் ஒரு வார்த்தை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எலும்புத் தேய்மானத்துக்கு ஊசியோ வாரம் ஒரு மாத்திரையோ எப்போதாவது போட்டிருந்தால் அதைப் பல் மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். அந்த மருந்து சாப்பிட்டவர்களுக்குப் பல் எடுத்த இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் போவதுண்டு.

மேல் பல் பிடுங்கியதால் கண் போகாது. மேல் பல்லின் உணர்ச்சி நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு, ஒன்றுக்கொன்று தொடர்பில்லை. ஆனால் அம்மாவிடம் இதை வாதமாகச் சொல்லாதீர்கள். அவருக்குக் கண் மங்கியது உண்மை. 72 வயது, பல வருடச் சர்க்கரை. கண்புரையோ விழித்திரைப் பாதிப்போ இருக்கலாம். கண் மருத்துவரிடம் காட்டி அதற்கு வழி செய்தால், பல்லைப் பற்றிய பயம் தானாகக் குறையும். அவர் பயத்தை யாரோ ஒருவர் காது கொடுத்துக் கேட்ட மாதிரியும் இருக்கும்.

இம்ப்ளான்ட்? வயது தடை இல்லை. சர்க்கரையும் கட்டுக்குள் இருந்தால் தடை இல்லை. கீழே பல்லே இல்லாதவருக்கு இரண்டு இம்ப்ளான்ட் வைத்து அதன்மேல் செட்டைப் பொத்தான் மாதிரி மாட்டுவது நல்ல வழி. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் 2002ல் கூடிய வல்லுநர்களே அதை முதல் தேர்வாகப் பரிந்துரைத்தார்கள். ஆனால் உங்கள் அம்மாவுக்குக் கீழே இன்னும் பல் இருக்கிறது, உடம்பு கரைந்துகொண்டிருக்கிறது, சர்க்கரை அளவு தெரியாது, கன்னத்தில் பார்க்க வேண்டிய திட்டு இருக்கிறது. இந்த நிலையில் இரண்டு தாடையிலும் அறுவை செய்வது அவசரம். புண் ஆறுவதற்கே புரதம் வேண்டும். எடை ஏறட்டும், ஆறு மாதம் கழித்துத் தேவை இருக்கிறதா என்று பார்க்கலாம். தேவைப்படாமலே போகலாம்.

செலவும் சம்மதமும்

கடிதத்தில் அண்ணன் பேசுகிறார், இரண்டு மருத்துவர்கள் பேசுகிறார்கள், நீங்கள் பேசுகிறீர்கள். அம்மாவுக்கு என்ன சாப்பிட ஆசை என்று ஒரு வரி இல்லை. கேளுங்கள். கறிக்குழம்பா, கடலை உருண்டையா? அதைப் பொறுத்துத்தான் எந்த வழி என்று ஒரு நல்ல பல் மருத்துவர் முடிவு செய்வார். தெளிவாக யோசிக்கும் ஒருவரின் பல்லை அவர் சம்மதமில்லாமல் பிடுங்க யாருக்கும் உரிமை இல்லை, பிள்ளைகளுக்கும் இல்லை. அவர் "வேண்டாம்" என்றால் அந்த வேண்டாமுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்: வலியா, செலவா, மகனுக்குப் பாரமாகிவிடுவோம் என்ற எண்ணமா? பல நேரம் கடைசியாகச் சொன்னதுதான்.

அண்ணனோடு சட்டம் பேசச் சொல்லவில்லை. ஆனாலும் தெரிந்திருப்பது நல்லது: பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007, பராமரிப்பு என்பதற்குள் உணவு, உடை, இருப்பிடத்தோடு மருத்துவச் சிகிச்சையையும் சேர்த்தே வைத்திருக்கிறது. அது மகனுக்கு மட்டும் இல்லை, மகளுக்கும் சேர்த்துத்தான். செலவில் பாதி உங்களுடையது என்று நீங்களே முந்திக்கொண்டு சொன்னால், அண்ணனின் பேச்சு வேறு மாதிரி ஆகலாம்.

செலவும் அவர் நினைக்கும் அளவுக்கு இருக்காது. புதுக்கோட்டையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி 2023ல் தொடங்கியது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் அதே ஊரில் இருக்கிறது. பொது மருத்துவம், கண், பல் மூன்றையும் அங்கேயே பார்க்கலாம். காத்திருக்க வேண்டி வரும், சாப்பாடு கட்டிக்கொண்டு காலையிலேயே போங்கள். பீரோவில் இருந்த செட், போடுகிற எல்லா மாத்திரை அட்டைகளும் (அந்த அரிப்பு மாத்திரையும்), ஸ்டென்ட் வைத்த மருத்துவமனைச் சீட்டு, பழைய சர்க்கரை ரிசல்ட் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். பல் பிரிவில் முதலில் கன்னத்துத் திட்டைக் காட்டிவிட்டுத்தான் செட் பேச்சை எடுக்க வேண்டும்.

புது செட்டோ ரீலைன் செய்ததோ வந்த பிறகு, முதல் சில வாரம் எரிச்சலும் புண்ணும் வரும். கழற்றிப் பீரோவில் வைக்காமல் மருத்துவரிடம் போய் உரசும் இடத்தைத் தேய்த்து வாங்குங்கள். இரண்டு பக்கமும் சமமாக மெல்லப் பழக்குங்கள், முதலில் இட்லி, அப்புறம் வெந்த காய், அப்புறம் மீன். ராத்திரி கழற்றி, பிரஷ்ஷும் சாதாரண சோப்பும் போட்டுக் கழுவித் தண்ணீரில் வைக்க வேண்டும். செட்டோடு தூங்கும் முதியவர்களுக்கு அண்ணத்தில் பூஞ்சைப் புண் வரும், நிமோனியா வரும் வாய்ப்பும் கூடுகிறது. மிச்சப் பற்களுக்கு ஃபுளோரைடு உள்ள பற்பசை, மென்மையான பிரஷ். செங்கல் பொடி, கல்லுப்பு வேண்டாம்.

இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, ஒரே தராசில், காலையில் சாப்பிடும் முன் எடை பாருங்கள். சாப்பாடு மாறி ஒரு மாதம் ஆகியும் எடை இறங்கிக்கொண்டே இருந்தால் அடுத்த மருத்துவ நாள் வரை காத்திருக்க வேண்டாம், அன்றே கூட்டிப் போங்கள். ரத்தப் பரிசோதனை முடிவும் கீழ்த் தாடை எக்ஸ்ரேயும் கைக்கு வந்ததும் மறுபடி எழுதுங்கள். அந்த நான்கு பல்லில் எது நிற்கும் என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.